வில்லையும் அதை அணிந்தோரும்: போர்க்காலக் குடிசார் பாதுகாப்புச் சின்னங்கள் பற்றிய ஒரு குறிப்பு

இரண்டாம் உலகப்போர்க் காலத்துப் பிரித்தானியக் குடிசார் பாதுகாப்புச் சேவையின் சீருடைகளையும் சின்னங்களையும் சேகரித்து இனங்காண்பது மேனாடுகளில் நன்கு வளர்ந்ததொரு துறையாகும். சேகரிப்போர் பெரும்பாலும் பொருளின் வகையையும் விலையையுமே நோக்குவர். வட்டுக்கோட்டையின் பழைய பெட்டகமொன்றில் அத்தகைய வில்லை கிடைக்குமாயின், அதை அணிந்தவர் யார், எவ்வாட்சியின் ஆணைக்குட்பட்டு அணிந்தார் என்பனவே எமக்கு முதன்மையான வினாக்கள்.

முதலிற் பொருளை நோக்குவோம். முடியின் கீழ் 'ஏ.ஆர்.பி.' என்னும் மூன்றெழுத்துக்களைக் கொண்ட வில்லையை வடிவமைத்தவர் சிற்பி எரிக் கில். ஆனந்த குமாரசுவாமியின் சிந்தனையைப் பெரிதும் போற்றியவர் இவர். இயந்திர நாகரிகத்தைக் கடிந்த ஒருவரின் வடிவம் பெருந்தொகையாக அச்சடிக்கப்பட்டமை சுவையான முரண். தொடக்கத்தில் இவ்வில்லை வெள்ளியாலானது. ஆடவர் மேற்சட்டை மடிப்பில் மாட்டினர், பெண்களுக்கு ஊசியுடன் வழங்கப்பட்டது. இலண்டன் வெள்ளி முத்திரையிலுள்ள எழுத்து ஆண்டைக் காட்டும்: 'ஏ' எனின் 1936, 'பி' எனின் 1937. போர் இறுகியதும் வெள்ளி மறைந்து மலிவான உலோகம் வந்தது. 1941 இல் சேவையின் பெயரே மாற, கருநீலக் கம்பளிச் சீருடையில் 'சீ.டி.' என்ற மஞ்சள் எழுத்துக்கள் இடம்பெற்றன.

ஆயின் முத்திரை, வில்லை அடிக்கப்பட்ட காலத்தைக் கூறுமேயன்றி அணியப்பட்ட இடத்தைக் கூறாது. 1823 இல் தோன்றிய வட்டுக்கோட்டைச் செமினரியும் 1872 இல் அதன் வழிவந்த யாழ்ப்பாணக் கல்லூரியும் வளர்த்த ஆங்கிலக் கல்வி, எழுதுவினைஞர்களைக் கொழும்புக்கும் மலாயாவுக்கும் அனுப்பியது. எனவே இங்கு கிடைக்கும் வில்லை கொழும்பு அலுவலகமொன்றிலிருந்தும் வந்திருக்கலாம்; 1942 பெப்ரவரி 15 இல் வீழ்ந்த சிங்கப்பூரிலிருந்தும் வந்திருக்கலாம்; இலண்டனிலிருந்த மாணவரொருவர் கொணர்ந்ததாகவும் இருக்கலாம். பெட்டகத்துக்குரிய குடும்பத்தின் தொழில் வரலாறே இதனைத் தீர்க்கவல்லது. வில்லையைமட்டும் வாங்கிச் செல்லும் வியாபாரி அச்சான்றை அழித்துவிடுகிறார்.

1942 ஏப்பிரல் 5 இல் யப்பானிய விமானங்கள் கொழும்பையும் 9 இல் திருகோணமலையையும் தாக்கின. இலங்கையின் குடிசார் பாதுகாப்பு ஆணையாளராக ஒலிவர் குணதிலக விளங்கினார். அவருக்கு மேலே தளபதி லேய்ற்றன் இருந்தார். தாக்குதலையடுத்துத் துறைமுகத் தொழிலாளர் உட்படப் பலர் கொழும்பை விட்டு அகன்றனர். இதனைக் கோழைத்தனமெனக் கொள்வது ஆட்சியாளர் நோக்கு. காக்கப்படவேண்டியது துறைமுகமா, அதிற் பாரஞ்சுமந்தவனா என்ற வினாவுக்கு அவன் தன் கால்களால் விடையளித்தான். வில்லைகளோ நின்றவர்களைப்பற்றியே பேசும்; ஓடியவர்களுக்கு அரும்பொருளகத்தில் இடமில்லை. மக்களைக் காப்பதாகக் கூறிய அதே அரசு, போரை எதிர்த்த சமசமாஜத் தலைவர்களை 1940 இலேயே சிறையிட்டிருந்தது என்பதையும் இங்கு இணைத்து நோக்கல் வேண்டும்.

பின்னர் வந்த போரில் எமது கிராமத்தவர் தம் வளவுகளிலே தாமே பதுங்குகுழி வெட்டினர். அபாயச் சங்கூதக் காவலரில்லை, வில்லையுமில்லை. 1995 ஒக்டோபரில் வலிகாமம் முழுதும் இடம்பெயர்ந்தபோது பெட்டகங்கள் வீடுகளிலேயே விடப்பட்டன; மீண்டவர்களுட் பலர் வெறுஞ்சுவர்களையே கண்டனர். எஞ்சியவை இன்று பழைய இரும்பு விலைக்குப் போகின்றன. வில்லையொன்று கைக்கு வருமாயின் அதனைத் துலக்குமுன் பின்புறத்தைப் படம்பிடித்து, இருந்த வீடு, அணிந்தவரின் தொழில், அவர் ஊர்திரும்பிய ஆண்டு ஆகியவற்றை அவ்வீட்டு முதியோரிடம் கேட்டெழுதல் உடனடித் தேவையாகும்.