ஜூன் 5 சட்டம் பிறந்த கதை

மெக்சிகோவில் குழந்தைகள் காப்பகம் நடத்த உரிமம் கேட்கிற யாரும் தாண்டிப் போக முடியாத சட்டம் ஒன்று உண்டு. அதன் முழுப்பெயர் நீளமானது, அதிகாரிகளைத் தவிர யாரும் சொல்வதில்லை. மற்றவர்களுக்கு அது 'ஜூன் 5 சட்டம்'. அரசிதழில் வெளியானது 2011 அக்டோபர் 24 அன்று. பெயரில் இருக்கும் ஜூன் 5 அதற்கு இரண்டு வருடம் முந்தையது, ஒரு வெள்ளிக்கிழமை.

சட்டத்தின் சில விதிகளை எடுத்துப் பார்க்கலாம். காப்பகத்திலிருந்து 50 மீட்டருக்குள் ஆபத்து விளைவிக்கக்கூடிய எந்த நிறுவனமும் இருக்கக் கூடாது. நடைவழியையும் முற்றத்தையும் சாமான் அடுக்கப் பயன்படுத்தக் கூடாது. இரண்டு மாதத்துக்கு ஒருமுறையாவது, கட்டடத்தில் வழக்கமாக இருக்கும் அத்தனை பேரும் கலந்துகொள்ளும் வெளியேறும் ஒத்திகை நடக்க வேண்டும். ஆறு மாதத்துக்கு ஒருமுறையாவது அதிகாரிகள் நேரில் வந்து பார்க்க வேண்டும். படிக்கக் கொட்டாவி வரும் விதிகள்தான். ஆனால் 2009இல் எர்மோசியோ நகரத்தில் நடந்ததைத் தெரிந்துகொண்டு படித்தால் கொட்டாவி வராது.

எர்மோசியோ, சோனோரா மாநிலத்தின் தலைநகர். பாலைவன ஊர். ஜூன் மாதத்தில் வெயில் 40 டிகிரியைத் தாண்டுவது அங்கே செய்தியே அல்ல. 'ஏபிசி' என்ற காப்பகம் 2001இலிருந்து அங்கே இயங்கிவந்தது. காப்பகத்துக்கென்று கட்டிய கட்டடமல்ல அது, சரக்குக் கிடங்கு. தகரக் கூரைக்குக் கீழே பிள்ளைகளைத் தூங்கவைக்க வேண்டுமானால் சூட்டைத் தடுத்தாக வேண்டும். அதற்காகக் கூரையில் பாலியூரித்தேன் நுரை பூசியிருந்தார்கள். அதற்கும் கீழே, பார்வைக்கு அழகாகவும் குளிர்ச்சியைப் பிடித்துவைக்கவும், துணிப்பந்தல் போன்ற பொய்க்கூரை. எல்லாம் வெயிலை நினைத்துச் செய்த ஏற்பாடு. நெருப்பை நினைத்து ஒன்றும் செய்யவில்லை.

ஒரே கட்டடத்தைத் தடுத்துப் பிரித்த மறுபாதியும் கிடங்குதான். அதை மாநில அரசின் நிதித்துறை வாடகைக்கு எடுத்திருந்தது. பழைய கோப்புகள், காகிதக் கட்டுகள், வண்டி நம்பர் பிளேட்டுகள், சில வாகனங்கள் அங்கே கிடந்தன. ஜூன் 5 அன்று பிற்பகல் மூன்று மணிக்குச் சற்று முன், அந்தப் பாதியில் ஒரு கூலரின் மோட்டார் சூடேறித் தீப்பற்றியது என்பது விசாரணை சொன்ன முடிவு. பெற்றோரில் சிலர் இதை ஏற்கவில்லை, கோப்புகளை அழிக்கவே யாரோ வைத்த தீ என்றார்கள். எப்படிப் பற்றியிருந்தாலும் அது போன வழியில் சந்தேகமில்லை. தடுப்புச்சுவருக்கு மேலே, கூரைக்கும் பொய்க்கூரைக்கும் நடுவே இருந்த வெளியில் தீ இந்தப் பக்கம் நுழைந்தது. கீழே பிள்ளைகள் மத்தியானத் தூக்கத்தில். புகையும் சூடும் தலைக்கு மேலே மறைவாகத் திரண்டு, பிறகு பந்தல் உருகி, எரிகிற துளிகளாக விழத் தொடங்கியபோதுதான் விஷயம் தெரிந்தது.

காப்பகப் பெண்கள் கைக்கு அகப்பட்ட குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு வெளியே ஓடினார்கள், திரும்ப உள்ளே போனார்கள், சிலருக்குத் தீக்காயம். அக்கம்பக்கத்தவர்களும் புகுந்தார்கள். இருந்தது ஒரே முன்வாசல். அவசர வழி என்று பெயர் பெற்றிருந்த கதவு அந்த நேரத்தில் உதவவில்லை. கடைசியில் ஓர் இளைஞர் தன் பிக்கப் வண்டியைப் பின்னுக்கு எடுத்து முட்டி முட்டிச் சுவரில் ஓட்டை போட்டார். அந்த ஓட்டைகள் வழியாகப் பிள்ளைகளை வெளியே கொடுத்தார்கள். சோனோராவில் அந்தச் சுவரைப் பற்றிப் பேசாமல் இந்தக் கதையை யாரும் சொல்வதில்லை.

49 குழந்தைகள் இறந்தார்கள். எல்லோரும் ஐந்து வயதுக்கு உட்பட்டவர்கள், கைக்குழந்தைகளும் அதில் உண்டு. காயப்பட்டவர்களில் சிலரைக் கலிபோர்னியாவின் சாக்ரமென்டோவில் உள்ள தீக்காய மருத்துவமனை வரைக்கும் கொண்டுபோனார்கள். என் பிள்ளை எந்த மருத்துவமனையில் இருக்கிறது என்று தெரியாமல் அன்று சாயங்காலம் தாய் தகப்பன்மார் ஒவ்வொரு மருத்துவமனையாக அலைந்தார்கள். பிள்ளைகளை வெளியே கொண்டுவரும்போது வருகைப் பட்டியலையும் கையில் எடுத்து வரவேண்டும் என்று எந்தக் காப்பகப் பயிற்சியிலும் சொல்வார்கள். யார் உள்ளே இருந்தார்கள், யார் வெளியே வந்துவிட்டார்கள் என்பதற்கு அந்தத் தாளைவிட்டால் வேறு சாட்சி கிடையாது. பதிவேடு என்றாலே சலிப்பு தட்டும் நமக்கு, அது எதற்காக இருக்கிறது என்று அன்றைய மருத்துவமனை வாசல்களைக் கேட்டால் தெரியும்.

இந்தக் கதையில் என்னை அதிகம் உறுத்துவது காகிதம்தான். ஏபிசி யாருக்கும் தெரியாமல் ஒதுக்குப்புறத்தில் நடந்த இடமல்ல. மெக்சிகோவின் சமூகக் காப்புறுதிக் கழகம், அந்நாட்டார் சுருக்கமாக 'இம்ஸ்' என்று சொல்வது, தன் பொறுப்பைக் குத்தகை போலத் தனியாரிடம் ஒப்படைத்த ஏற்பாட்டில் நடந்த காப்பகம். வேலைக்குப் போகும் தாய்மாரின் குழந்தைகளைப் பார்த்துக்கொள்வதை இம்ஸின் கடமையாக்கியது 1973ஆம் ஆண்டுச் சட்டம். அதற்காக முதலாளிகள் சம்பளக் கணக்கில் ஒரு சதவீதம் கட்டுகிறார்கள். தேவை பெருகப் பெருக, சொந்தமாகக் காப்பகம் கட்டுவதைவிட ஒப்பந்தம் போடுவது மலிவு என்று ஆயிற்று. ஏபிசியின் உரிமையாளர்களில் மாநில அதிகாரிகளின் மனைவிமாரும் அன்றைய ஜனாதிபதி மனைவியின் உறவினர் ஒருவரும் இருந்தார்கள். தீப்பிடிப்பதற்குச் சில நாள் முன்பு, மே மாதக் கடைசியில்தான் பாதுகாப்புச் சோதனையில் இந்த இடம் தேறியிருந்தது என்று அதிகாரிகள் சொன்னார்கள். அந்த வார்த்தையை அப்படியே எடுத்துக்கொண்டால், நுரைக்கூரை, பொய்க்கூரை, ஒற்றை வாசல், பக்கத்துக் கிடங்கு இவை எல்லாவற்றையும் பார்த்துவிட்டுத்தான் கையெழுத்து விழுந்திருக்கிறது. சுவரின் அந்தப் பக்கம் எரிந்தது அரசாங்கக் காகிதம். இந்தப் பக்கம் காகிதமெல்லாம் ஒழுங்காக இருந்தது.

அரசியலில் உடனே ஒரு விளைவு தெரிந்தது. சரியாக ஒரு மாதம் கழித்து, ஜூலை 5 அன்று சோனோராவில் ஆளுநர் தேர்தல். பல தலைமுறையாக அந்த மாநிலத்தை ஆண்ட பிஆர்ஐ கட்சி முதல்முறையாகத் தோற்றது. ஆனால் ஆட்சி மாறியதில் பெற்றோருக்கு வேண்டியது கிடைத்துவிடவில்லை. நாட்டின் உச்ச நீதிமன்றம் தனக்கிருந்த சிறப்பு விசாரணை அதிகாரத்தைப் பயன்படுத்தி ஆராய்ந்தது. நீதிபதி அர்த்தூரோ சல்தீவார் எழுதிய அறிக்கை, கோளாறு ஏபிசியோடு நிற்கவில்லை, ஒப்பந்தக் காப்பகங்களை ஒழுங்குபடுத்திய முறையிலேயே இருக்கிறது, இம்ஸின் தலைமைப் பதவியில் இருந்தவர்கள் வரை பொறுப்பு உண்டு என்றது. 2010 ஜூனில் முழு அமர்வு கூடியது. உரிமை மீறல் நடந்தது என்பதை ஒப்புக்கொண்டார்கள். மேலே இருந்தவர்களின் பொறுப்பைப் பெரும்பான்மை ஏற்கவில்லை.

பெற்றோர் சட்டத்தின் பக்கம் திரும்பியது இந்தப் பின்னணியில்தான். எர்மோசியோவிலும் மெக்சிகோ நகரிலும் பிள்ளைகளின் படத்தை ஏந்திப் பேரணி போனவர்கள், வழக்கறிஞர்களின் துணையோடு நாடாளுமன்றத்தின் கதவைத் தட்டினார்கள். அதுவரை காப்பகங்களுக்கு ஒரே விதி கிடையாது. இம்ஸுக்கு ஒன்று, அரசு ஊழியர் காப்புறுதிக்கு வேறொன்று, சமூக நலத்துறையின் சிறு காப்பகங்களுக்கு இன்னொன்று. புதிய சட்டம் அரசு, தனியார், இரண்டும் கலந்தது என எல்லாவற்றையும் ஒரு குடைக்குள் கொண்டுவந்தது. தேசியப் பதிவேடு ஒன்றை ஏற்படுத்தியது. உரிமம் வேண்டுமானால் பேரிடர்ப் பாதுகாப்புத் திட்டம் எழுதி ஒப்புதல் பெற வேண்டும், காப்பீடு எடுக்க வேண்டும் என்றது. ஊழியர் பயிற்சிக்கும் சான்றளிப்புக்கும் தனி அத்தியாயமே ஒதுக்கியது.

இதில் ஒத்திகை விதிதான் சட்டத்தின் உயிர் என்று எனக்குப் படுகிறது. பெரியவர்கள் வேலை பார்க்கும் அலுவலகத்தில் மணி அடித்தால் ஆளாளுக்கு எழுந்து நடந்துவிடலாம். காப்பகத்தில் பாதிப்பேருக்கு நடக்கத் தெரியாது, மீதிப்பேர் பயந்தால் ஒளிந்துகொள்வார்கள். ஒரு பெண் இரண்டு கைக்குழந்தைகளைத் தூக்கலாம், மூன்றாவதை என்ன செய்வது? எந்தத் தொட்டிலுக்குச் சக்கரம் வேண்டும், எந்தக் கதவு எந்தப் பக்கம் திறக்கிறது, சமையலறையில் இருப்பவர் எந்த அறைக்கு ஓட வேண்டும், வாசலில் நின்று தலை எண்ணுவது யார்? இவையெல்லாம் வகுப்பில் உட்கார்ந்து கேட்டால் வராது. சான்றிதழைச் சுவரில் மாட்டினாலும் வராது. தூங்குகிற பிள்ளைகளை எழுப்பி, அழுகையோடு வெளியே கொண்டுபோய்ப் பார்த்தால்தான் ஒற்றை வாசல் போதாது என்பது புரியும். அதனால்தான் 'அத்தனை பேரும்' என்று சட்டம் அழுத்திச் சொல்கிறது. குழந்தைகளைச் சிரமப்படுத்த வேண்டாம் என்று ஊழியர்கள் மட்டும் நடந்து காட்டிவிட்டுப் பதிவேட்டில் எழுதும் வழியை அது அடைக்கிறது.

அடைக்கப் பார்க்கிறது என்பதே சரி. நடக்காத ஒத்திகைக்கும் தேதி போட்டுக் கையெழுத்து வாங்கலாம், ஏபிசியின் சோதனைச் சான்று போல. சட்டத்துக்கும் காகிதத்தை விட்டால் வேறு கருவி இல்லை. சட்டத்தை வடித்தவர்கள் இதை அறியாதவர்கள் அல்ல. ஒரே கையெழுத்தை நம்பாமல் வருடத்துக்கு இரண்டு முறையாவது நேரடிச் சோதனையைக் கட்டாயமாக்கியதும், காப்பகத்தைக் கவனிப்பதில் பெற்றோருக்கும் இடம் கொடுத்ததும் அந்த அறிவில்தான். 50 மீட்டர் விதி அதையும் தாண்டிப் போகிறது. காப்பகம் தன் வேலியைத் தாண்டி எதையும் ஒழுங்குபடுத்த முடியாது. அண்டை வீட்டுக் கிடங்கில் என்ன இருக்கிறது என்று பார்க்க வேண்டிய பொறுப்பை இந்த விதி அரசாங்கத்தின் தலையில் வைக்கிறது. எர்மோசியோவில் அந்த அண்டை வீட்டுக்காரரே அரசாங்கம்.

நடைமுறை விதிகள் 2012 ஆகஸ்டில் வந்தன. மாநிலங்கள் தங்கள் சட்டங்களையும் இதற்கேற்ப மாற்றிக்கொள்ள வேண்டியிருந்தது. சில வேகமாக, சில மெதுவாக.

2018 டிசம்பரில் புதிய அரசு வந்த பிறகு, 2019இல் காப்பகக் கதை வேறு பக்கம் திரும்பியது. சமூக நலத்துறையின் சிறு காப்பகங்களுக்கு 2007இலிருந்து போய்க்கொண்டிருந்த மானியத்தில் முறைகேடு நடக்கிறது என்று சொல்லி, அந்தப் பணத்தைக் குறைத்து நேரே பெற்றோர் கையில் கொடுத்தார்கள். அன்று ஒரு குழந்தைக்கு இரண்டு மாதத்துக்கு 1,600 பெசோ. காப்பகத்துக்கே கட்டலாம், பாட்டியிடமோ அத்தையிடமோ கொடுத்துப் பிள்ளையைப் பார்த்துக்கொள்ளச் சொல்லலாம், அது பெற்றோர் விருப்பம். வருமானம் நின்றுபோன பல காப்பகங்கள் மூடிக்கொண்டன. ஜூன் 5 சட்டம் காப்பகங்களைத்தான் கட்டுப்படுத்தும். பாட்டி வீட்டுக்கு உரிமம் கிடையாது, சோதனை கிடையாது, இரண்டு மாதத்துக்கு ஒருமுறை ஒத்திகையும் கிடையாது.