கேட்டமீனியல் நியூமோதோராக்ஸ்

“தூரம் வந்தா வலப்பக்க நெஞ்சு குத்துது டாக்டர்.” இந்தப் பேச்சுக்குள் ஒரு நோயின் பெயரே இருக்கிறது. ‘கேட்டமீனியல்’ என்பதற்குள் இருப்பது கிரேக்கத்தின் ‘மேன்’, அதாவது மாதம்; ‘மேனே’ நிலவு. நம் ‘திங்கள்’ இரண்டையும் ஒரே சொல்லில் வைத்திருக்கிறது. ‘நியூமா’ காற்று, ‘தோராக்ஸ்’ மார்பு, மார்புக்கவசமும்கூட. இந்த நோயில் மாதவிலக்கை ஒட்டி, பெரும்பாலும் அது தொடங்கிய 72 மணி நேரத்துக்குள், நெஞ்சுக்கூட்டில் காற்று புகுந்து நுரையீரல் சுருங்குகிறது. 1958இல் மருத்துவர் மாரர் இதை முதலில் விவரித்தார். 1972இல் லில்லிங்டன் குழு பெயரிட்டது. கருப்பை உட்படலத் திசு உதரவிதானத்தில் ஒட்டித் துளையிடுவது முக்கியக் காரணமாகக் கருதப்படுகிறது. எக்ஸ்ரே காற்றைத்தான் காட்டும்; விலக்குத் தேதியை மருத்துவர் கேட்டாக வேண்டும். கேட்காமல் விட்டால் அந்தப் பெண் மீண்டும் மீண்டும் மூச்சுக்குத் திணறக்கூடும். குழாய் போட்டுக் காற்றை எடுப்பது உடனடி உதவி. அறுவையில் துளையை அடைத்து, ஹார்மோன் சிகிச்சையும் தந்தால் மீண்டும் வருவது குறையும்.