இரைப்பு நோயும் மிருகசீரிட நாளும்: ஹைதராபாத் மீன் மருந்து குறித்த ஒரு வரலாற்று நோக்கு

முன்னுரை

1998ஆம் ஆண்டு மாதாப்பூரில் சைபர் டவர்ஸ் திறக்கப்பட்டபின் ஹைதராபாத் தகவல் தொழில்நுட்ப நகரமாக அறியப்படலாயிற்று. அதே நகரின் நாம்பள்ளிப் பொருட்காட்சித் திடலில், சூன் மாதத் தொடக்கத்தில், மருந்து வைத்த விரால் குஞ்சினை உயிருடன் விழுங்கப் பல்லாயிரவர் கூடுகின்றனர். இரைப்பு நோய்க்குரிய இவ்வழக்கத்தை, அந்நோய் பற்றிய அறிவின் வரலாற்றோடு இணைத்து நோக்குவதாக இக்கட்டுரை அமைகிறது.

வழக்கத்தின் தோற்றம்

1845ஆம் ஆண்டளவில் துறவி ஒருவர் வீரண்ண கௌடு என்பாருக்கு இம்மருந்து முறையை அருளி, விலை பெறாது வழங்கப் பணித்தார் என்பது பத்தினி என்னும் குடிப்பெயருடைய கௌடு குடும்பத்தாரின் மரபுச் செய்தி. பழைய நகரின் தூத்பௌலியில் அவர்தம் இல்லத்தில் வழங்கப்பெற்றது, பின்னர் திடலுக்கு இடம் மாறியது. மருந்தின் கூட்டு இன்றளவும் மறைபொருளே. மூன்றாண்டுகள் தொடர்ந்து உண்ணவேண்டும் என்பதும், 45 நாள் பத்தியமும் விதிகளாகும். மீன் உண்ணாதார் வெல்லத்துடன் பெறுவர்.

நாளும் நோயும்

கதிரவன் மிருகசீரிடத்தில் புகும் நாளே மருந்து வழங்கும் நாள். அது தென்மேற்குப் பருவமழை தொடங்கும் காலம். சரக சங்கிதை கூறும் ஐவகைச் சுவாச நோய்களுள் தமக சுவாசம் இரைப்பினை ஒத்தது. மேகமூட்டம், குளிர், கீழ்க்காற்று ஆகியவற்றால் அது மிகும் என்றும், படுத்தால் துன்பமும் அமர்ந்தால் ஆறுதலும் தோன்றும் என்றும் அந்நூல் உரைக்கிறது. நோய் மிகக்கூடிய பருவத்திலேயே மருந்து நாளும் அமைந்தமை கருதத்தக்கது.

1860இல் இரைப்பு பற்றி நூல் எழுதிய ஹென்றி ஹைட் சால்டர், தாமே அந்நோயுற்ற ஆங்கில மருத்துவர். பூனை முதலிய விலங்குகளின் அண்மையும் நோயைத் தூண்டும் எனக் கண்டவர். மூச்சுக்குழல்களின் நாள்பட்ட அழற்சியே நோயின் அடிப்படை என்பது பிற்காலத் தெளிவு. தூசு, மகரந்தம், புகை, குளிர்காற்று போன்றவை பட்டவுடன் அக்குழல்கள் சுருங்கிச் சளி பெருகும். இரைப்பும் இருமலும் நெஞ்சிறுக்கமும் தோன்றும். சில வேளை இவை தாமாகவே தணிவதும் உண்டு. தணியும் பொழுதில் உண்ட மருந்து எதுவாயினும் புகழ் அதனைச் சேரும். இவ்வழக்கம் நிலைபெற்றமைக்கு இவ்வியல்பும் ஒரு காரணம் எனலாம்.

பெயர் மாற்றம்

பகுத்தறிவாளர் எதிர்ப்பும் வழக்குகளும் எழுந்தபின் ‘மீன் மருந்து’ என்னும் பெயர் ‘மீன் பிரசாதம்’ என மாறியது. மருந்து எனின் சான்று வேண்டும். பிரசாதம் எனின் நம்பிக்கை போதும். எனவே இது சொல் மாற்றம் மட்டுமன்று, பொறுப்பின் மாற்றமுமாகும். பெருந்தொற்றால் 2020 முதல் 2022 வரை தடைப்பட்ட வழக்கம் 2023இல் மீண்டது.

முடிவுரை

விலையின்றி வழங்கும் அறம் போற்றத்தக்கது. ஆயினும் அழற்சியைத் தணிக்கும் உள்ளிழுப்பு மருந்தினை நோயாளர் இதன்பொருட்டுக் கைவிடின் உயிருக்கே ஊறு நேரலாம். பெயர் மாறியதன் பொருளை வரிசையில் நிற்போர் அறிந்தனரா என்பதே இவ்வரலாறு எழுப்பும் வினா.