ஒரு விழுக்காட்டுக்குள் ஒளிந்த இடைவெளி: அமெரிக்க ரெசிடென்சி ஒதுக்கீட்டில் டி.ஓ., எம்.டி. பட்டதாரிகள்

அமெரிக்காவில் எம்.டி. என்பது நம் எம்.பி.பி.எஸ்.ஸுக்கு நிகரான அடிப்படைப் பட்டம். 1892இல் மிசௌரி மாநிலத்தின் கிர்க்ஸ்வில் ஊரில் ஆண்ட்ரூ டெய்லர் ஸ்டில் தொடங்கிய ஆஸ்டியோபதிப் பள்ளியின் வழிவந்தது டி.ஓ. பட்டம். இன்று இதைப் பெற்றவர்களும் மருந்து எழுதவும் அறுவை செய்யவும் முழு உரிமை உள்ள மருத்துவர்களே.

பட்டத்துக்குப் பின் மருத்துவமனையில் பெறும் சிறப்புத் துறைப் பயிற்சியான ரெசிடென்சிக்கு இடம் பெறுவதில் இரு சாராரும் சமநிலைக்கு வந்துவிட்டார்கள் என்ற கருத்து இப்போது வலுத்துவருகிறது. மாணவர், பயிற்சித் துறை என இரு தரப்பின் விருப்பப் பட்டியல்களையும் பொருத்தி இடம் தரும் தேசிய 'மேட்ச்' ஒதுக்கீட்டில் 2020இல் எம்.டி. இறுதியாண்டு மாணவர்களில் 93.7 விழுக்காட்டினர் இடம் பெற்றனர்; டி.ஓ. மாணவர்களில் 90.7. 2025இல் இவை 93.5, 92.6. எண்கள் சரியானவைதாம். சமநிலைக்கு அவை சான்றாகா.

விருப்பப் பட்டியலை உறுதிசெய்து அளித்தவர்கள் மட்டுமே இந்தக் கணக்கில் வருகிறார்கள். நேர்காணல் அழைப்பே வராமல் விலகிக்கொண்டவர் இதில் இல்லை. தோல் மருத்துவ ஆசையைத் தொடக்கத்திலேயே கைவிட்டுக் குடும்ப மருத்துவத்துக்கு விண்ணப்பித்தவரோ வெற்றி பெற்றவராகவே பதிவாகிறார். பட்டியல்களைப் பொருத்தும் கணிமுறை பட்டத்தைப் பார்ப்பதில்லை. 1998 முதல் நடைமுறையில் உள்ள அதன் வடிவத்தை உருவாக்கியவர்களுள் ஒருவரான ஆல்வின் ராத் 2012இல் பொருளியல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். பாகுபாடு நுழைவது அதற்கு முந்தைய கட்டத்தில், யாரை நேர்காணலுக்கு அழைப்பது என்று துறைகள் வடிகட்டும்போது.

அந்த வடிகட்டலில் டி.ஓ. மாணவர் எங்கே சறுக்குகிறார்? பட்டம் பெறவே அவர் டி.ஓ.க்களுக்கான உரிமத் தேர்வான காம்லெக்ஸ் எழுதியாக வேண்டும். போட்டி மிகுந்த துறை வேண்டுமென்றால் எம்.டி. மாணவர்களின் உரிமத் தேர்வான யு.எஸ்.எம்.எல்.இ.யையும் எழுதுவதே வழக்கம்: இரட்டைச் செலவு, இரட்டை உழைப்பு. 2022இல் யு.எஸ்.எம்.எல்.இ. முதற்கட்டத் தேர்வு மதிப்பெண்ணைக் கைவிட்டுத் தேர்ச்சி/தோல்வி என மாறியது நன்மை போலத் தோன்றலாம். ஆனால் மதிப்பெண் மறைந்தால் கல்லூரியின் பெயருக்குக் கூடும் எடை யாருக்குச் சாதகம் என்பது வெளிப்படை. அதைவிடப் பெரிய குறை, பல டி.ஓ. கல்லூரிகளுக்குச் சொந்தப் போதனா மருத்துவமனை இல்லாதது. மாணவர்கள் சிறு சிறு வட்டார மருத்துவமனைகளில் சிதறிப் பயில்கிறார்கள். நரம்பு அறுவையில் பரிந்துரைக் கடிதம் தரவோ ஆய்வில் சேர்த்துக்கொள்ளவோ அங்கே பேராசிரியர் கிடைப்பது அரிது.

எம்.டி., டி.ஓ. ரெசிடென்சிகளுக்குத் தனித்தனியே இருந்த அங்கீகார முறைகளை ஒன்றாக்கி 2020இல் நிறைவுற்ற ஒற்றை அங்கீகார இணைப்பையும் இந்த வெளிச்சத்திலேயே மதிப்பிட வேண்டும். அதற்குமுன் எலும்பு அறுவை, தோல் மருத்துவம் போன்ற துறைகளில் டி.ஓ.க்களுக்கென்றே தனி இடங்கள் இருந்தன. இணைப்பு மொத்தக் கதவை அகலத் திறந்தது. ஆனால் தனி இடங்கள் தந்த பாதுகாப்பைப் பறித்தது. மொத்த விகிதம் உயர்ந்ததைக் கொண்டாடுவோர் இந்த இழப்பை ஏனோ பேசுவதில்லை.

ஆகவே ஒப்பீட்டைத் துறைவாரியாகச் செய்ய வேண்டும். விண்ணப்பித்தோர், நேர்காணலுக்கு அழைக்கப்பட்டோர், இடம் பெற்றோர் என மூன்று எண்ணிக்கைகளும் பட்டவாரியாக ஒரே அட்டவணையில் வெளியாக வேண்டும். அதுவரை 93.5, 92.6 என்ற இணையைச் சமத்துவத்தின் சான்றாக ஆய்வாளர்கள் மேற்கோள் காட்டுவது தகாது.