கட்டுச்சோறும் பந்திச் சாப்பாடும்



போன வாரம் என் கணினியில் இடம் நிறைந்துவிட்டது என்று எச்சரிக்கை வந்தது. லினக்ஸ் போட்ட பழைய கணினி. வீட்டுக்கு வந்திருந்த பழைய மாணவர் ஒருவர் பார்த்துவிட்டு, "சார், ஒரே லைப்ரரி நாலு இடத்துல நாலு பதிப்பா இருக்கு. நீங்க போட்டதெல்லாம் கட்டுச்சோறு!" என்றார். வரலாற்று வாத்தியாருக்கு அந்த ஒரு சொல் போதாதா?

1991இல் லினஸ் டோர்வால்ட்ஸ் வெளியிட்டது கெர்னல் மட்டுமே. மற்ற மென்பொருள்களை அதோடு சேர்த்து ஒழுங்காகத் தர யாராவது வேண்டியிருந்தது. 1993 ஆகஸ்டில் இயன் முர்டாக் என்ற 20 வயதுக் கல்லூரி மாணவர் டெபியனை அறிவித்தார். அது பந்தி முறை. சாம்பார் ஒரே அண்டாவில். எல்லா இலைக்கும் அதிலிருந்தே. பல மென்பொருள்களுக்கும் பொதுவாக ஒரே லைப்ரரி. அதைப் பராமரிக்கத் தன்னார்வலர்கள்.

இதன் அருமை 2002இல் தெரிந்தது. கோப்புகளைச் சுருக்கும் 'இசட்லிப்' என்ற லைப்ரரியில் பாதுகாப்புக் குறை ஒன்று வெளிப்பட்டது. பொது லைப்ரரியைப் பயன்படுத்திய மென்பொருள்களுக்கு அந்த ஒன்றை மாற்றினால் போதும். அதைத் தமக்குள்ளேயே பொதிந்து வைத்திருந்தவற்றையோ ஒவ்வொன்றாகத் தேடித் திருத்த வேண்டியிருந்தது.

பந்தியிலும் குறை உண்டு. மென்பொருளின் புதிய பதிப்பு வந்தாலும், அது நம் இலைக்கு வர மாதங்கள், சில சமயம் ஆண்டுகள் ஆகும். எழுதியவருக்கும் தொல்லை: டெபியனுக்கு ஒன்று, ஃபெடோராவுக்கு ஒன்று எனத் தனித்தனியே கட்ட வேண்டும். 2014இல் டெபியன் மாநாட்டிலேயே டோர்வால்ட்ஸ் இதைக் குறைசொன்னார். ஆழ்கடல் நீச்சலுக்காக அவர் தொடங்கிய 'சப்சர்ஃபேஸ்' மென்பொருளுக்கே அந்தக் கதி!

தேவையானதையெல்லாம் உள்ளேயே வைத்துக் கட்டும் முயற்சி 2004இல் 'கிளிக்' என்று தொடங்கிப் பின்னர் 'ஆப்இமேஜ்' ஆனது. 2016இல் உபுண்டுவின் 'ஸ்னாப்', 'ஃபிளாட்பேக்' இரண்டும் பரவலாயின. பெரும்பாலான லினக்ஸ்களில் ஓடும். புதிய பதிப்பு உடனே கிடைக்கும். ஆனால் இடம் அதிகம் பிடிக்கும். ஒரு வேடிக்கை பாருங்கள்: ஃபிளாட்பேக்கில் பல மென்பொருள்கள் பகிர்ந்துகொள்ள 'ரன்டைம்' என்று ஒன்று வைத்தார்கள். கட்டுச்சோற்றுக்காரர்களும் ஒரு பொது அண்டாவைத் தேடத்தான் வேண்டியிருந்தது.

நான் பயன்படுத்தாத மூன்றை நீக்கினேன். புதிய லிப்ரே ஆபீஸை மட்டும் வைத்துக்கொண்டேன். என் நினைவுக் குறிப்புகள் அதில்தான் வளர்கின்றன.

உங்களில் மென்பொருள் எழுதுகிறவர்கள் பலர். கட்டுச்சோறு கட்டிக் கொடுங்கள், தப்பில்லை. ஆனால் பந்தியில் பார்த்துக்கொள்ள நாலு பேர் இருப்பார்கள். கட்டுச்சோறு ஊசிப்போனால் கட்டியவர்தான் பொறுப்பு. வேறு வேலைக்குப் போன பிறகும் அதை நம்பித் திறப்பவர் ஒருவர் எங்கோ இருப்பார். அது உங்கள் வாத்தியாராகவும் இருக்கலாம்.