பாசி எடுத்த கைகள்

நோன்பு மாதத்தில் எங்கள் வீட்டில் கடல்பாசி காய்ச்சாத நாள் குறைவு. பாலும் சர்க்கரையும் சேர்த்து உம்மா தட்டில் ஊற்றி ஆறவைப்பார். அந்தப் பாசியைக் கடலிலிருந்து பறித்தது யார் என்று நான் வெகுகாலம் கேட்டதில்லை.

மன்னார் வளைகுடாவின் கரையோர ஊர்களில் 1960களிலிருந்து பெண்கள் விற்பனைக்காகப் பாசி எடுக்கிறார்கள். மரிக்கொழுந்துப் பாசி அகர் செய்யவும், கட்டக்கோரை ஆல்ஜினேட் செய்யவும் போகிறது. விரல்களில் துணி சுற்றி, கண்ணாடி மாட்டி, மூச்சடக்கி மூழ்குவது அவர்கள். விலை வைப்பது வியாபாரி.

1986இல் இங்குள்ள 21 தீவுகளும் சுற்றியுள்ள ஆழமற்ற கடலும் தேசியப் பூங்காவாயின. பின்னர் கெடுபிடி இறுகியபோது, தலைமுறையாகப் போய்வந்த இடத்திலேயே இவர்கள் அத்துமீறி நுழைபவர்கள் ஆனார்கள்.

பெண்கள் கடலுக்குத் தீங்கே செய்யவில்லை என்று நான் சொல்லமாட்டேன். உலோகச் சுரண்டியால் பாறையைச் சுரண்டினால் பாசி மறுபடி முளைப்பதற்கான அடியும் போய்விடும். அதை உணர்ந்து அவர்கள் சுரண்டியை விட்டுக் கையால் பறிக்கத் தொடங்கினார்கள். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி மாதம் 12 நாள் மட்டுமே இறங்குவது, ஏப்ரல்–மே மாதங்களில் 45 நாள் கடலுக்கு ஓய்வு விடுவது என்று தாங்களே கட்டுப்பாடு வைத்துக்கொண்டார்கள். இதை முன்னெடுத்தவர்களில் ஒருவரான பாம்பன் பகுதிச் சின்னப்பாலத்தின் லட்சுமி மூர்த்திக்கு 2015இல் சீகாலஜி விருது கிடைத்தது.

இதே கடலில் சுண்ணாம்புக்காகவும் கட்டுமானத்துக்காகவும் பல ஆண்டுகள் பவளப்பாறை வெட்டி எடுக்கப்பட்டது. விலங்குசல்லி, பூவரசன்பட்டி என்ற இரண்டு தீவுகள் நீருக்குள் போனதற்கு அது முக்கியக் காரணமாகச் சொல்லப்படுகிறது. 1990களில் பரிசோதனைக்கென்று அயல்நாட்டுக் கப்பாஃபைகஸ் பாசி மண்டபம் கடலுக்கு வந்தது. பிறகு வணிகப் பயிரானது. அதை வளர்த்துக் கூலி பெற்றவர்களிலும் பெண்கள் உண்டு. ஆனால் அதைக் கொண்டுவரும் முடிவை எடுத்தவர்கள் அவர்கள் இல்லை. குருசடைத் தீவில் அந்தப் பாசி உயிருள்ள பவளங்களின் மேல் படர்ந்திருப்பதை 2008இல் ஆய்வாளர்கள் பதிவுசெய்தார்கள்.

கடலின் பல்லுயிர் குறைந்த வரலாற்றை எழுதும்போது, எடுத்தவர்களின் பட்டியலில் பாசிக்காரப் பெண்களை முதலில் வைப்பது எளிது. அவர்கள் கண்ணுக்குத் தெரியும் தூரத்தில் நிற்கிறார்கள். எவ்வளவு எடுத்தார்கள், எப்போது நிறுத்தினார்கள், முடிவெடுக்கும்போது யாரைக் கேட்டார்கள் என்பதையும் சேர்த்து எழுதினால் அந்தப் பட்டியலின் வரிசை மாறும்.