பந்தியும் வஞ்சனையும்

திருமண வீட்டாருக்குச் சமையலினும் பெரிய கவலை ஒன்று உண்டு; வந்தவர்களை எங்கே அமர்த்துவது என்பதே அது. சம்பந்தி வீட்டார் எந்தப் பந்தியில் உண்பது? அலுவலக மேலதிகாரிக்கு எங்கே இடம் போடுவது? அடுத்த வீட்டுப் பஞ்சாபியரை யார் அருகில் அமர்த்துவது? தில்லியிலும் மும்பையிலும் கல்கத்தாவிலும் திருமணம் நடத்தும் நம் குடும்பங்களில் இக்கேள்விகள் எழாத நாளில்லை. இச்சிறு கவலைக்குப் பின்னே நீண்டதொரு வரலாறு இருக்கிறது.

பந்தி என்னும் நம் சொல், வரிசை என்று பொருள்படும் ‘பங்க்தி’ என்ற வடசொல்லிலிருந்து வந்தது. மராத்தியரும் பஞ்சாபியரும் வழங்கும் ‘பங்கத்’ என்பதும் அதன் வழிவந்ததே. வரிசையாக அமர்ந்து உண்பது இந்நாட்டின் பொது வழக்கம். ஆயின், அவ்வரிசையில் அமரத் தக்கவர் யார் என்ற விதியும் உடன் வளர்ந்தது. சிராத்த விருந்தில் வரிசையைத் தூய்மை செய்வோர் இன்னார், கெடுப்போர் இன்னார் என மனுஸ்மிருதியின் மூன்றாம் அத்தியாயம் நீண்ட பட்டியலே தருகிறது.

ஒரே வரிசையில் இருப்பவருள் ஒருவருக்கு நெய்யும் மற்றவருக்கு மோரும் இடுவதைப் ‘பந்தி வஞ்சனை’ என்று நம் முன்னோர் இகழ்ந்தனர். அது உயர்ந்த பண்பே. ஆனால் பந்தியையே இரண்டாகப் பிரிப்பதை அவர்களுள் பலர் வஞ்சனையாக எண்ணவில்லை. நமது வரலாற்றின் பெரும் குறை இதுவே.

இக்குறையைக் களைய முயன்றோரும் பந்தியிலேயே தொடங்கினர். பதினாறாம் நூற்றாண்டில் சீக்கிய குருமார்கள் லங்கர் என்னும் பொதுச் சமையற்கூடத்தை நிலைநாட்டினர். மூன்றாம் குருவான அமர்தாஸைக் காணவந்த அக்பர் சக்கரவர்த்தியும் பிறரோடு வரிசையில் அமர்ந்து உண்டார் என்பது சீக்கியர் மரபு. அமிருதசரசுப் பொற்கோயிலில் இன்றும் எவரும் எவர் அருகிலும் தரையில் அமர்ந்தே உண்கின்றனர்.

கேரளத்துச் செறாயியில், 1917ஆம் ஆண்டு மே மாதம், ஈழவ இளைஞரான சகோதரன் அய்யப்பன் புலயர் குல இளைஞரோடு சேர்ந்துண்ணும் ‘மிசிர போஜனம்’ நடத்தினார். மேலோரால் விலக்கப்பட்ட ஈழவர்களே, தமக்குக் கீழோர் எனக் கருதியவரோடு உண்ட குற்றத்திற்காக அவரை ஒதுக்கினர். ‘புலயன் அய்யப்பன்’ என்று ஏசினர். அவரோ அப்பெயரைப் பெருமையாகவே ஏற்றார்.

நம் சேரன்மாதேவியிலும் இவ்வினா எழுந்தது. தேசத்தொண்டரான வ. வே. சு. ஐயரின் குருகுலத்தில் பிராமண மாணவர் இருவர் தனியே உண்ண இடமளிக்கப்பட்டது. அந்த இரண்டு இலைகள் 1924, 1925ஆம் ஆண்டுகளில் தமிழ்நாட்டுக் காங்கிரசையே கலக்கின. பொதுப் பணம் பெற்ற நிறுவனத்தில் தனிப் பந்தி தகுமா என்று வரதராஜுலு நாயுடுவும் பெரியாரும் கேட்டனர்.

1950இல் நடைமுறைக்கு வந்த அரசியல் சட்டம் தீண்டாமையை ஒழித்தது. பொது உணவு விடுதிகளின் கதவை யாவருக்கும் திறந்துவிட்டது. எனினும், மண வீட்டில் யாரை யார் அருகில் அமர்த்துவது என்பதைச் சட்டம் வகுத்துத் தருவதில்லை. அதை வீட்டாரின் மனமே வகுக்கிறது.

ஆகவே, இடம் வகுக்கும்போது முதியோருக்கு நாற்காலியும், குழந்தையுடன் வந்தவருக்கு வாயிலருகே இடமும் ஒதுக்குவோம். அது தேவை கருதிய வேற்றுமை. ஆனால், நம் வீட்டில் பாத்திரம் துலக்குபவரையும், விருந்தினரின் வண்டியை ஓட்டி வந்தவரையும் ‘கடைசிப் பந்தியில் பார்த்துக்கொள்ளலாம்’ என்று வெளியே நிறுத்துவோமாயின், எவ்வளவு நெய் வார்த்தாலும் அது பந்தி வஞ்சனையே. அவர்களுக்கும் முதற்பந்தியிலேயே இலை போடுவோம். பிழைக்க வந்த ஊரில் நம்மை அருகழைத்து அமர்த்தியவர்களை மறவாத நமக்கு, இது அரிய செயலன்று.